ஏலம் போன என் இருமல்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள்

அன்புள்ள மச்சான் ஸ்டீவன் அவர்களுக்கு,

ஹரோல்ட் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அக்கா லூயிசாவும் சுகம், என் நெஞ்சு மட்டும் நீங்கலாக. பெங்களூரில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நிற்க.

விஷயம் என் மகன், உங்கள் மருமகன் எல்வின். முப்பத்து மூன்று வயது. அவன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இவன் அந்த ரயில் கிளம்பும் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்து தூங்குகிறான். கேட்டால் எலக்ட்ரானிக் ஹிப் ஹாப் புரொட்யூசராம். பாடுவாயா என்றேன், இல்லை. ஏதாவது வாசிப்பாயா என்றேன், இல்லை. "பீட் போடுறேன் டாடி." பன்னிரண்டு வருடமாகப் போடுகிறான். நந்திதுர்க்கிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது, புரொட்யூசர் என்றதும் சினிமா எடுப்பவன் என்று நினைத்து, பெண்ணின் சித்தப்பா தன் போட்டோவையும் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த முறை அந்தப் போட்டோவைத் திருப்பி வாங்க மட்டும் வந்தார்கள்.

அதையும் பொறுத்தேன். இருபத்தாறு வருடம் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்த தூசி என் நெஞ்சில் கிடப்பது உங்களுக்குத் தெரியும். பார்த்த டாக்டர்கள் எல்லாம் பீடி இருமல் என்று எழுதினார்கள். நான் பீடியைத் தொட்டதே இல்லை. அந்த இருமலுக்கு நேரே இவன் மைக்கை நீட்டினான். டானிக் பாட்டிலைத் திறந்தால், "ஒரு டேக் முடிஞ்சதும் குடிங்க டாடி" என்கிறான். உங்கள் அக்கா துடைப்பத்தால் அடித்தாள், அந்தச் சத்தத்தையும் பதிவு செய்துகொண்டான். நீங்களே சொல்லுங்கள் மச்சான். அப்பன் மூச்சு முட்டுவது பிள்ளைக்குத் தாளமா?

இவன் போட்டதை ஜெர்மனியில் யாரோ நூறு இசைத்தட்டாகப் போட்டு, இவனுக்கு ஐந்து அனுப்பினார்கள். மகனின் முதற்பலன் என்று அதில் ஒன்றை நானே கொண்டுபோய் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் வைத்தேன். கேட்டுப் பார்க்காமல் வைத்தது என் புத்தி. ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டார்கள்; பூசணிக்காயை எடுக்க அடிதடி நடந்தது. இசைத்தட்டைத் தூக்கியதும் ஒருவரும் விலை கேட்கவில்லை. ஏலம் விட்ட லாய்ட், "போட்டுக் காட்டுனா எவனாவது கேப்பான்" என்று எல்வினின் போனை வாங்கி அதே பாட்டை மைக்செட்டில் போட்டான். டம், டம், லொக்கு. டம், லொக்கு லொக்கு. சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "இன்னாண்ணே, உன் இருமலு பாட்டுல வருது?" என்றான் லாய்ட், மைக்கிலேயே. பாஸ்டர்கூடச் சிரித்தார். அதற்குள் பாட்டில் வேறொரு இருமல் வந்தது, இழுத்து இழுத்து. போன வருடம் இறந்த சுரங்கக்காரர் துரையின் மனைவி ஷைலா எழுந்து நின்றாள். "அது எங்க வூட்டுக்காரரு. நிறுத்தாதீங்க." எல்வின் எப்போது அவர்கள் வீட்டுக்குப் போனான் என்று எனக்கே தெரியாது. அவள்தான் ஏலம் கேட்டாள், எதிர்த்து யாரும் கேட்கவில்லை. அதைப் போட்டுக் கேட்க அவள் வீட்டில் மெஷின் கிடையாது.

எனக்கு மானம் போயிற்று. செத்தவன் இருமலையும் விடாத பிள்ளை எனக்கு வேண்டாம். உங்கள் கம்பெனி குடோனில் ஆள் வேண்டும் என்றீர்களே, வரும் திங்கட்கிழமையே அனுப்புகிறேன். அவன் பீட் போடும் மெஷின்களை விற்கச் சொல்லிவிட்டேன். "சரி டாடி" என்றான். சண்டை போட்டிருந்தால் தேவலை.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
ஹரோல்ட்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் தங்கவேலு வந்தான், இங்கே மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் என்னோடு ஒரே ஷிஃப்ட். பின்னால் நான்கு பேர். வாசற்படி ஏறுவதற்குள் ஐந்து பேரும் மூச்சு வாங்க மூன்று தடவை நின்றார்கள். "உன் புள்ள கீறானா? டாக்டருங்க பீடின்னு எழுதுனாங்களே, எங்க இருமலயும் எடுத்துக்க சொல்லு. அட்டையில பேரு போடுவானா?" போடுவேன் என்றான் எல்வின். "எந்த ஷாஃப்ட்டுல எறங்குனோம், எத்தினி வருசம், அதுவும்?" அதுவும் போடுவானாம். தங்கவேலு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டான். மச்சான், திங்கட்கிழமை எல்வின் வரமாட்டான். எங்கள் ஷிஃப்டில் இன்னும் பதினோரு பேர் உயிரோடு இருக்கிறோம். வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.