கொள்ளுப்பிட்டியில் கொதித்த கார்

வெள்ளவத்தை,
பங்குனி மாதம், திங்கட்கிழமை.

என்றும் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி சிவபாதசுந்தரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மச்சாளும் உடம்பால் சுகம். மனதைப் பற்றிக் கேட்க வேண்டாம். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே அழத் தொடங்கிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் மகன் லவனின் கல்யாணப் பேச்சு குழம்பிவிட்டது.

கொட்டாஞ்சேனைப் பத்மாவதி அம்மாவும் மகள் சுபோதினியும் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்து லவனைப் பார்ப்பதாகத்தானே ஏற்பாடு. பெண்ணின் தகப்பனார் வியாபார விஷயமாக மட்டக்களப்பில் நின்றபடியால் தாயும் மகளும் மட்டும். “அதுகள் ஒரு ஓட்டோவில வரட்டுமேப்பா” என்று உங்கள் மச்சாள் சொன்னாள். சம்பந்தியாகப் போகிறவர்களை ஓட்டோவில் வரவிடுவது மரியாதையா? என் காரிலேயே போனேன். பழைய கார்தான், ஆனால் வெயிலில் அது சூடேறாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர, ஓய்வு பெற்ற பிறகு நான் வேறு என்ன செய்தேன் சொல்லுங்கள். வெறும் தண்ணீரை நிறுத்திவிட்டு, என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ற் ஊற்றினேன், வெடித்த ஹோஸை மாற்றினேன், விசிறி பெல்ற்றை இழுத்துப் பார்த்தேன், றேடியேற்றரைக் கழுவுவித்தேன். போதாக்குறைக்கு வாசனைப் பூமாலையும் போட்டு, முன்பக்கத்தில் துருப்பிடித்த கிறில் கம்பிகள் தெரியாதபடி ஒரு பெரிய மட்டையில் ‘நல்வரவு’ என்று எழுதிக் கட்டியிருந்தேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்படும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காலிமுகத்திடலைத் தாண்டியதும் வாகனங்கள் நத்தையாக ஊரத் தொடங்கின, வெயில் மண்டையைப் பிளந்தது, சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது. ஆனாலும் நான் பதறவில்லை அக்கா, ஏனென்றால் இதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். என்ஜின் சூடேறினால் காருக்குள் இருக்கும் ஹீற்றரை முழுவதுமாகத் திறந்துவிட வேண்டும், அது என்ஜினின் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். கொழும்பில் யார் ஹீற்றர் போடுகிறார்கள்? அந்தப் பிடியை நானே அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திருப்பினேன். முதலில் தூசி வந்தது, பிறகு அனல் வந்தது, அதன் பின்னால் காய்ந்துபோன ஒரு கரப்பான்பூச்சி வந்து பத்மாவதி அம்மாவின் பட்டுச்சேலை மடியில் விழுந்தது.

“அண்ணை, இது என்ன, அடுப்பே?” என்றார்.

“இல்லை, என்ஜின் ஆறுறதுக்கு” என்றேன்.

“அப்ப நாங்கள்?” என்றார். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

அவர் முகத்துப் பவுடர் கோடு கோடாக வழிந்தது. கொள்ளுப்பிட்டிச் சந்தி தாண்டியதும் பொனற்றிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி. ஓரமாக நிறுத்தி பொனற்றைத் தூக்கினேன். அந்த மனுசி நல்லெண்ணத்தில் கைப்பையிலிருந்து குளிர்ந்த தண்ணிப் போத்தலை எடுத்து நேரே என்ஜினில் ஊற்றப் போனார். கொதிக்கிற இரும்பில் பச்சைத்தண்ணி பட்டால் வெடித்துவிடும் அல்லவா, நான் “கையை எடுங்கோ” என்று கத்திவிட்டேன். வருங்காலச் சம்பந்தியிடம், நடு வீதியில், அப்படிக் கத்தினேன். அவர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு ஒரு மருந்துக்கடை நிழலில் போய் நின்றுகொண்டார்.

வேறு வழியில்லாமல் லவனுக்குப் போன் பண்ணினேன். பிள்ளை ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு ஓட்டோவில் வந்திறங்கினான். பெண்ணை முதன்முதலாகப் பார்க்கிறான், ஒரு வணக்கம் சொல்லலாம்தானே? உதவி செய்து காட்டுகிற அவசரத்தில் கைலேஞ்சியைக் கையில் சுற்றிக்கொண்டு, கொதிநீர் முகத்தில் சீறியடிக்கும் என்று யோசிக்காமல் நேரே றேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனான். சுபோதினி எங்கிருந்து பாய்ந்தாளோ தெரியாது, அவன் கையில் ஓங்கி ஒரு அடி. படார் என்று கேட்டது. வீதியில் நின்ற பொலிஸ்காரர் “மொகத மே மாத்தயா”, என்ன இது ஐயா, என்றபடி வந்துவிட்டார். சண்டை இல்லை, கலியாணப் பேச்சுத்தான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தி அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், அந்தப் பிள்ளை காரின் முன்னால் குனிந்து நிற்கிறாள்.

“அங்கிள், இந்த மட்டையை ஆர் கட்டினது?”

“நான்தான் பிள்ளை.”

“நல்வரவு எண்டு எழுதிப்போட்டு, காத்தை உள்ள வரவிடாமல் மறிச்சு வச்சிருக்கிறியளே” என்றாள்.

அக்கா, இவ்வளவு படித்து, இவ்வளவு செய்து, கடைசியில் றேடியேற்றரின் மூக்கைப் பொத்தியது நானேதான்.

தாயும் மகளும் ஒரு ஓட்டோவைப் பிடித்து, வந்த வழியே கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டார்கள். உங்கள் மச்சாள் சுட்ட வடையும் கேசரியும் அப்படியே கிடக்கின்றன. லவனும் கன்னத்தில் கை வைத்தபடி இருக்கிறான், கேட்டால் “ஒண்டுமில்லை மாமா” என்கிறான். இந்தச் சம்பந்தம் முடிந்தது. யாழ்ப்பாணத்திலேயே அடக்கமான வேறொரு பெண்ணைப் பாருங்கள். அத்தானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நல்லூரில் எனக்காகவும் ஒரு தேங்காய் உடைத்து, எல்லோரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மன்னிப்பைக் கேட்டு நிற்கும் தம்பி,
சிவபாதசுந்தரம்

பி.கு.: மேலே எழுதியதை அத்தானுக்குக் காட்ட வேண்டாம். உறையை ஒட்டும்போது பத்மாவதி அம்மா போன் எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க முன்னரே அவர் சொன்னது இது: “அண்ணை, நீங்கள் பொலிசோட கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள், கேட்டிருக்கமாட்டியள். இவள் அடிச்ச அடிக்குப் பொடியன் கோபிச்சு ஒரு முழிப்பும் முழிக்கேல்லை. கையைத் தடவிக்கொண்டு, ‘அப்ப எவ்வளவு நேரத்தால திறக்கலாம்’ எண்டு அவளிட்டையே கேட்டவர். இவளின்ர குணத்துக்கு நான் இனி இப்பிடி ஒருத்தரை எங்க போய்த் தேடுறது? கலியாணத்துக்கு நல்ல நாளைப் பாருங்கோ.”