லண்டன் (வழி: குரங்கணி)

லண்டனுக்குப் படிக்கப் போன சுருளிவேலின் கணுக்காலில் அட்டை ஏறிக்கொண்டிருந்தது.

அவன் அதைக் கவனிக்கவில்லை. குரங்கணிக்கு மேலே, அப்பாவின் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரின் பின்னறையில் சாக்குமேல் உட்கார்ந்து, மதுரையில் அளவெடுத்துத் தைத்த கம்பளிக் கோட்டில் பிடித்திருந்த பூஞ்சையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அது எழுபத்தேழாம் வருஷம். ஏலக்காய் விலை ஏறியிருந்தது. முன்பெல்லாம் விலை ஏறினால் போடிக்காரர்கள் மாடி கட்டுவார்கள். மாடியெல்லாம் கட்டி முடித்துவிட்டதால் இப்போது பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். சுருளிவேலின் அப்பா மொக்கச்சாமியும் மகனைப் பாரிஸ்டர் படிப்புக்கு அனுப்பினார். மேளம், மாலை, பந்தலில் கறிச்சோறு, 'சீமை செல்லும் சிங்கமே' என்று சுவர் முழுக்கப் போஸ்டர். ராசிங்காபுரத்து உறவுக்காரர்கள் லண்டன் எந்தப் பக்கம் என்று விசாரித்து, அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்கள்.

சென்னையில் ஓர் அலுவலகத்தில் சிங்கம் நின்றது. வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான அனுமதி வரவில்லை, தை மாதம் வரலாம் என்று அங்கே ஒருவர் தலை நிமிராமல் சொன்னார்.

"அதுனால என்னப்பா, வீட்டுக்குப் போயிட்டு தையில வருவோம்" என்றான் சுருளிவேல்.

மொக்கச்சாமி மகனைப் பார்த்த பார்வையில் சென்னைக் கடலே வற்றியிருக்கும்.

"மாலை போட்டு அனுப்புன ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? தேவாரத்துச் சோலைமலை, லண்டன் மாப்ளேன்னுதானடா பொண்ணு தர்றேன்னாரு. போடி மாப்ளேன்னா தருவாரா?"

சோலைமலையின் மகள் சந்திரவல்லியைப் பார்த்ததிலிருந்து சுருளிவேலுக்கு லண்டன்மேல் இருந்த ஆசை பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் அவளிடம் போகும் பாதையை லண்டன் வழியாகத்தான் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆக, லண்டன் மாணவன் தாய்மாமன் பால்பாண்டியின் ஜீப்பில், உரமூட்டை லோடோடு லோடாகத் தார்ப்பாயின் கீழே படுத்து, மலையேறினான். பள்ளி, கல்லூரியெல்லாம் மதுரை விடுதியிலேயே முடித்தவன் என்பதால் தோட்டத்து ஆட்களுக்கு அவன் முகம் தெரியாது. அது ஒன்றுதான் வசதி.

"புது மேனேசரு. மலையாளத்துக்காரரு. தமிழ் வராது" என்று பால்பாண்டி ஆட்களிடம் அறிமுகப்படுத்தினார்.

காய் பறிக்கிற மருதாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். பத்து வருஷம் கேரளத் தோட்டங்களில் வேலை பார்த்தவள். மலையாளத்தில் ஏதோ மடமடவென்று கேட்டாள். சுருளிவேல் பெருந்தன்மையாகத் தலையாட்டினான். மருதாயி சிரித்த சிரிப்பில் தலைக்கூடை நழுவியது.

"அண்ணே, பிள்ளைக எத்தனைன்னு கேக்குறேன், இவரு 'ஆமா'ங்கிறாரு!"

பால்பாண்டி கொஞ்சமும் அசரவில்லை. "மலைக்கு மாலை போட்டிருக்காரு ஆத்தா. மௌன விரதம். தை பிறக்குற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாரு. சும்மா தொந்தரவு பண்ணாத."

அன்று சாயங்காலமே நிஜமாக ஒரு துளசி மாலையும் கறுப்பு வேட்டியும் போடியிலிருந்து வந்து சேர்ந்தன. அவற்றோடு விரதமும் வந்தது. விடியுமுன் ஓடைத் தண்ணீரில் குளியல். காலில் செருப்பு கிடையாது. கறி, முட்டை கிடையாது. தோட்டத்து ஆட்களுக்குப் பக்தி அதிகம். சாமி குளிக்க எழுந்திருக்காவிட்டால் கதவைத் தட்டி எழுப்பினார்கள். மருதாயி ஓடைக்கரை வரைக்கும் வந்து, திரும்பி நின்றுகொண்டு, "முங்குனீகளா சாமி? சத்தமே காணோமே?" என்று கேட்டாள். முங்கினான்.

போடியில் மொக்கச்சாமி வேறு தினுசாக முங்கிக்கொண்டிருந்தார். டீக்கடையில் மகனைப் பற்றி விசாரிக்கிறவர்களிடம், அவன் தங்கியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாடி என்று ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு மாடி வீதம் ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் சோலைமலை கேட்டுவிட்டார்: "அதெல்லாம் சரி மச்சான், மாப்ள அங்கன நிக்கிற போட்டோ ஒண்ணு காட்டுங்களேன். எம்மக பாக்கணுங்கிறா."

மறுநாளே பால்பாண்டி கேமராவோடு மலையேறினார்.

"கோட்டப் போடு மாப்ளே. டையையும் கட்டு. மாலைய உள்ள விடு."

"கீழே கறுப்பு வேட்டியில்ல மாமா கட்டியிருக்கேன்?"

"இடுப்புக்கு மேலதான் எடுக்கப்போறேன். இடுப்புக்குக் கீழ யாரு லண்டனத் தேடுறா?"

"தாடி?"

"அங்க ஆம்பளைக எல்லாம் இப்ப தாடிதானாம். ஆடாம நில்லு, மஞ்சு இறங்குது பாரு. லண்டன் பனியே தோத்துச்சு!"

படம் அருமையாக வந்தது. மூன்றாம் நாள், அதைப் போடிக்குக் கொண்டுபோன பால்பாண்டி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"கெட்டுச்சு மாப்ளே. சோலைமலை போட்டோவ வாங்கி மூஞ்சிய ஒரு நிமிசம் பாத்தாரு. அப்புறம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, தோளுக்குப் பின்னால பாத்தாரு. 'இது ஏலச்செடியில்ல?'ன்னாரு."

சுருளிவேல் சாக்கில் சாய்ந்துவிட்டான்.

"உங்கப்பா சளைக்கல. 'லண்டன்ல கண்ணாடி வீடு கட்டி வளக்குறாங்க மச்சான்'னாரு. 'பாரிஸ்டருக்குப் படிக்கிறவனுக்கு ஏலச்செடி எதுக்கு?'ன்னாரு அவரு. 'நாளைக்குத் தோட்டத்து வழக்கு வந்தா? செடிய முன்னால நிப்பாட்டித்தான் பாடமே'ன்னாரு உங்கப்பா."

"நம்பிட்டாரா?"

"ரொம்ப நம்பிட்டாரு. அதான் வினையே. 'செடி நல்லா தளதளன்னு இருக்கே, நம்ம பக்கத்துச் செடியும் இதுவும் ஒரே சாதியா'ன்னு கேட்டாரு. உங்கப்பா வாயி சும்மா இருக்குமா? 'எந்தோட்டத்துல இருந்துதான் கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனான் வெள்ளைக்காரன்'னுட்டாரு."

"மாமா..."

"அந்தத் தாய்ச்செடியப் பாக்கணும்னு சோலைமலை கெளம்பிட்டாரு. பொண்ணையும் கூட்டிக்கிட்டு. பின்னாலயே ஜீப்பு வருது."

கீழே வளைவில் ஜீப்பு உறுமுவது கேட்டது. வருகிறவள் சந்திரவல்லி. இரண்டு மாதமாக சுருளிவேல் பார்க்க நினைத்த ஒரே மனித முகம் அதுதான். பார்த்தால் கல்யாணம் போயிற்று. பார்க்காமல் இருந்தால் மட்டுமே அவள் அவனுக்கு உண்டு.

"ஸ்டோருக்குள்ளயே இருந்துக்கிறேனே?"

"காய் உலத்துறதையும் பாக்கணும்ட்டாரு. பரணைக்கூட விடமாட்டாரு அந்த மனுசன். ஓடு மாப்ளே, மேற்க ஓடு! கோட்டு, டையெல்லாம் இங்கன போட்டுட்டுப் போயிறாத, கெடுத்துறாத. போட்டுக்கிட்டு ஓடு!"

சுருளிவேல் ஓடினான். மேலே கோட்டும் டையும், கீழே கறுப்பு வேட்டி, வெறுங்கால். செடிகளுக்குள் காய் பறித்துக்கொண்டிருந்த மருதாயி நிமிர்ந்து பார்த்து, "சாமிக்கு அருள் வந்திருச்சு!" என்று குரல் கொடுத்தாள். ஆட்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வரிசையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னால் எங்கோ, "யாருப்பா அது, கோட்டுப் போட்டுக்கிட்டு ஓடுறது?" என்று சோலைமலையின் குரல் கேட்டது. அதற்கு மாமா சொன்ன பதில் காற்றில் போய்விட்டது. நல்லவேளை, மஞ்சு அடர்த்தியாக இறங்கி அவனை மூடியது.

முகடு ஏறி, அடுத்த சரிவில் வழுக்கி, எந்தத் தோட்டம் யாருடைய தோட்டம் என்று தெரியாமல் அவன் விழுந்து எழுந்தபோது எதிரே ஒரு ஸ்டோர் தெரிந்தது. கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. குழம்பு வாசனையும் வந்தது. விரதம், மானம் இரண்டையும் மறந்து கதவைத் தட்டினான். என்ன பொய் சொல்வது என்று யோசித்துப் பார்த்தான். எல்லாப் பொய்யையும் அப்பாவும் மாமாவுமே செலவழித்துவிட்டிருந்தார்கள்.

கரண்டியும் கையுமாக ஒரு சமையல்காரர் கதவைத் திறந்தார். சுருளிவேலின் கோட்டைப் பார்த்தார். டையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வெரசா வாங்க தம்பி, யாரும் பாத்துறப் போறாக. ஜெர்மனி சாப்பிட்டு எந்திரிச்சிட்டாரு, அமெரிக்காவுக்கு இப்பத்தான் இலை போட்டிருக்கு. நீங்க எந்த நாடு?"