ஸ்டீயரிங்கை ஆட்ட ஓர் ஆள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வண்டி நலமில்லை. அங்கே தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் "அப்படியா அத்தான், சரி அத்தான்" என்று முடித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தானே ஆகவேண்டும்.

விஷயம் என் ஜீப்பைப் பற்றியது. நம் இருவருக்கும் மூத்த வண்டி என்பது உங்களுக்குத் தெரியும். அதன் ஸ்டீயரிங்கில் ஆட்டம் வந்துவிட்டது. கால் சுற்று திருப்பினாலும் சக்கரம் யோசித்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் தெருமுனையில் இடது பக்கம் திருப்பினேன். வண்டி திரும்ப மனமில்லாமல் நேரே போய், தையல்காரர் கடை வாசலில் கோட்டுப் போட்டு நிறுத்தியிருந்த பொம்மையைச் சாய்த்துவிட்டது. ஆள் என்று நினைத்து இறங்கி ஓடி, அதனிடம் மன்னிப்பே கேட்டுவிட்டேன். தையல்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு நானே கீழே படுத்து, சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனைகளான டை ராடு எண்ட் இரண்டையும் மாற்றினேன். ஆட்டம் போகவில்லை. முன் அச்சின் இரு முனையிலும் சக்கரம் திரும்புகிற மூட்டைப் பிரித்து, கிங் பின் பேரிங்குகளையும் மாற்றினேன். கிரீஸ் என் காதுக்குள் வரை போயிற்று. ஆட்டம் போகவில்லை. மெக்கானிக்கிடம் கேட்டால் அவர் சிரிக்கிறார். "ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போனா வண்டியே புதுசாயிடும் சார். ஒருத்தர் மேல உக்காந்து ஸ்டீயரிங்க ஆட்டணும், ஒருத்தர் கீழ படுத்துப் பாக்கணும். எந்த இடத்துல அசைவு நின்னு போகுதோ அதான் தேஞ்சது. வீட்ல ஆள் இருக்காங்கல்ல?"

இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேலே உட்கார்ந்து ஆட்டுவது உங்கள் அக்கா வேலையாக இருந்தது. இப்போது அந்த இருக்கையில் யாரை உட்காரவைப்பது? துணி காயப்போடுகிற கயிற்றை ஸ்டீயரிங்கில் கட்டி, மறுமுனையைக் காலில் கட்டிக்கொண்டு கீழே படுத்தேன். காலை உதைத்தால் ஹாரன் அடிக்கிறது. எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்து, ஃபோனைப் படம் பிடிக்கும்படி அச்சுக்கு அடியில் வைத்துவிட்டு, மேலே ஏறி நானே ஆட்டினேன். எடுத்துப் பார்த்தால் படம் முழுக்க இருட்டு. குரல் மட்டும் தெளிவாக இருக்கிறது. "தெரியுதா? இப்ப தெரியுதா? சரி, கொஞ்சம் இரு" என்று நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். யாரிடம் பேசினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

கடைசியில் பார்சல் கொடுக்க வந்தவரைக் கெஞ்சி உட்காரவைத்தேன். நல்ல பிள்ளை, நாலு தடவை ஆட்டினார். அப்புறம் ஆட்டம் நின்றுபோயிற்று. ஆகா, இங்கேதான் கோளாறு என்று நானும் ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்க்கிறேன், "ஆட்டுங்க, ஆட்டுங்க" என்று கத்துகிறேன், சத்தமே இல்லை. வெளியே வந்து பார்த்தால் ஆளைக் காணோம். அடுத்த தெருவில் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

ஆகவே மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு வண்டி வேலை தெரியவேண்டியதில்லை. உட்கார்ந்து ஆட்டினால் போதும். அக்கா போன பிறகு நீங்கள் இந்தப் பக்கம் வரவில்லை என்று குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவள் இல்லாத வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு வருவது என்று உங்களுக்கும் தயக்கமாக இருந்திருக்கும். இப்போதுதான் ஸ்டீயரிங் ஒரு காரணம் கொடுத்திருக்கிறதே.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, தேயாத மூட்டுகளோடு நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மெக்கானிக் தன் மனைவியோடு இந்தப் பக்கம் வந்தார். அந்த அம்மா மேலே உட்கார்ந்தார், இவர் கீழே படுத்தார். "மெதுவா ஆட்டு." "மெதுவாத்தான ஆட்டுறேன், நீ ஒழுங்காப் பாரு." டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். ஸ்டீயரிங்கின் தள்ளலை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கிற கை ஒன்று அச்சின் நடுவே இருக்கிறது. அதைத் தாங்கும் இரும்புப் பின்தான் தேய்ந்திருந்ததாம். மாற்றிவிட்டார். வண்டி இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. சோதித்துப் பார்க்க ஓட்டிக்கொண்டு கிளம்பியவன், உங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டேன். உங்கள் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லாததால் அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். சுலபமாகத் திரும்புகிறது.

ஆகையால் நீங்கள் வந்து ஆட்டவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். வண்டிக்கு ஒன்றுமில்லை. சும்மாதான் வருகிறேன், மாப்பிள்ளை.