நாலு கதவுக்கும் மெத்தை போட்டேன்

இனிமேல் என் காருக்குள் பாட்டைத் தவிர வேறு சத்தமே கேட்கக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தேன். வீட்டில் அதற்கு வழியில்லை. ரேடியோவைத் தொட்டாலே, "ஷ்ஷ்! ரெக்கார்டிங்!" என்று உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வரும். பள்ளிப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. எனக்கென்று மிச்சமிருந்தது ஆபீஸ் போக அரை மணி, வர அரை மணி. அதையும் கார் கெடுத்தது. பாடகர் உருகிப் பாடினால் டயர் ஒப்பாரி வைக்கும். நாலு கதவும் தாளம் போடும், அதுவும் தப்புத் தாளம்.

மெக்கானிக் வைத்தியம் சொன்னார். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, தகரத்தின் மேல் கனமான ரப்பர் ஷீட்டை ஒட்டினால் அதிர்வும் அடங்கும், வெளிச்சத்தமும் குறையும். மனைவியிடம் பயந்துகொண்டே சொன்னேன்.

"நல்ல யோசனைங்க!" என்றாள்.

பதினேழு வருஷத்தில் நான் வாங்கிய முதல் பாராட்டு. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். புத்தி எங்கே போச்சோ!

அவள் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க, நானே வேலையில் இறங்கினேன். அட்டையை இழுத்ததில் ஒரு கிளிப் பட்டென்று உடைந்தது. திட்டுக்காகக் கழுத்தைச் சுருக்கினேன்.

"போனா போகுது, வேற வாங்கிக்கலாம். அதோ, ஷீட்டுல காத்துக் குமிழி இருக்கு. உருளையை அழுத்தி உருட்டுங்க."

"முன் கதவு ரெண்டும் முடிஞ்சுதும்மா. ஸ்பீக்கர் அங்கதானே இருக்கு?"

"செய்யறதைத் திருந்தச் செய்ங்க. பின் கதவு என்ன பாவம் பண்ணுச்சு?"

முதுகு கழன்றுவிட்டது. சாயங்காலம் கதவைச் சாத்தினால் பழைய 'டங்' இல்லை, 'தொப்' என்று மூடியது.

"நான் உள்ள உக்காந்துக்கறேன். நீங்க வெளிய நின்னு கத்துங்க, பாப்போம்."

"என்னன்னு கத்த?"

"மனசுல இருக்கறதை."

கதவு மூடியது. விடுவேனா? "உன் தம்பி ஒரு தண்டச்சோறு! நீ போடற காபி கழனித் தண்ணி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் இனிமையாகச் சிரித்தாள். இறங்கி வந்து, "ஒரு எழுத்து கேக்கலைங்க!" என்றாள். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மறுநாள் காலை சாவியைத் தேடினேன், காணோம். காரின் பின்சீட்டில் மைக், தலையணை, பாடப்புத்தகங்களோடு அவள். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினாள்.

"வீட்டுல பக்கத்துத் தச்சுப்பட்டறை சத்தத்துல ஒரு பாடம் உருப்படியா வரலைங்க. இங்க கோயில் கருவறை மாதிரி இருக்கு! இனிமே நான் இங்கதான்."

"அடிப்பாவி! நான் ஆபீஸ் போக வேணாமா?"

"பஸ்ஸு எதுக்கு ஓடுது? கோவிச்சுக்காதீங்க. இனிமே வீடு உங்களுதுதானே? சாயங்காலம் வந்து எவ்வளவு சத்தமா வேணாலும் பாட்டு கேளுங்க."

அட, நியாயம்தானே! பஸ்ஸில் நசுங்கி வீடு திரும்பினேன். அவள் இன்னும் காரில்தான். சட்டையைக்கூட மாற்றாமல் ரேடியோவிடம் ஓடினேன். கைபேசி அடித்தது.

"என்னங்க, இப்பத்தான் அடுப்புல குக்கர் வச்சிட்டு வந்தேன். எனக்கு இங்க எதுவும் கேக்காது. நாலு விசில் வந்ததும் அணைச்சிடுங்க. எண்ணிக்கை தப்பிடும், பாட்டு கீட்டு போட்டுடாதீங்க."

சமையலறையில் நிற்கிறேன். இதுவரை இரண்டு வந்திருக்கிறது.