எப்படி வராது என்பதைக் கடைசியில் வைத்த டாக்டருக்கு

டாக்டரே, என் பாய் இன்றைக்கும் வெளி வராந்தாவில் கிடப்பதற்கு நீர்தான் பொறுப்பு. உம்முடைய பேர் எனக்குத் தெரியாது. ஜீப்பின் மேல் ஸ்பீக்கர் கட்டி, ரேஷன்கடையிலிருந்து கரண்ட் இழுத்து, பாறசாலை சந்தை முக்கில் எய்ட்ஸ் பற்றிப் பேசினீரே, அந்த ஆள்தான் நீர்.

நான் சுயம்பு. குடிசை போட்டிருந்தவனுக்கே நிலம் என்ற குடிகிடப்புச் சட்டத்தில் அப்பனுக்குக் கிடைத்த பத்து சென்டில் தொடங்கி, ஏத்தங்குலை, அதாவது நேந்திரன் வாழைத்தார், தோட்டத்தில் வாங்கிச் சந்தையில் விற்று வாயால் மேலே வந்தவன். யார் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியைத்தான் என் காது கேட்கும்.

என் மச்சினன் விஜயதாஸை வளைகுடாவுக்கு விமானம் ஏற்றிவிடப் பம்பாய் போனேன். ஏற்றிவிட்ட பிறகு கைக்கு வேலை இல்லை. காலுக்கு வந்துவிட்டது. ஒரு தெருவில் ஒருத்தி கூப்பிட்டாள், போனேன். விலை சொன்னாள். பேரம் பேசினேன். அவள் இந்தியில் பேசினாள், நான் விரலில் பேசினேன். விலையைப் பாதிக்கு இறக்கிவிட்டேன். அதோடு விட்டேனா, இன்னும் இறக்கப் பார்த்தேன். அவள் சிரித்து, என் வாயில் ஒரு முத்தம் வைத்து, வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான் நடந்தது. பேரம் படியவில்லை.

ஊர் திரும்பினால் முக்கில் நீர். "இதுக்கு மருந்து கிடையாது. ஒரு தடவை தப்பு செய்தாலும் போதும். பம்பாய் போய் வாறவங்க ஓர்மை வைக்கணும்" என்றீர். "இனி எப்படியெல்லாம் வராது என்று சொல்லுறேன்" என்றீர். கரண்ட் போய் ஸ்பீக்கர் நின்றது. நான் ஓடிவிட்டேன்.

என் பெண்டாட்டி பிரேமகுமாரி என் டம்ளரில்தான் காப்பி குடிப்பாள். என்னால் அவளுக்கு ஏதாவது வந்துவிட்டால்? நான் கோபக்காரன்தான், கொலைகாரன் இல்லை. உண்மையைச் சொல்லி விலகலாம் என்றால், அதற்கு அந்த நோயே மேல்.

அப்போது பார்த்து கார்த்திகை பிறந்தது. சபரிமலைக்கு மாலை போட்டால் வேறு பாய், வேறு டம்ளர். ஒருத்தரும் காரணம் கேட்கமாட்டார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"நிங்ங மாலை போட்டீயளா?" என்றாள் பிரேமகுமாரி. "கோயிலுக்குக் கூப்பிட்டா கால்வலி வாற ஆளாக்கும்."

"பக்தி வந்துட்டு, பிள்ளே."

"எப்பொ வந்து?"

"நேத்து சாயங்காலம்."

"கரண்ட் போனப்பளா?"

"ஆமா. இருட்டில ஒரு வெளிச்சம்."

"நல்லது சாமி. இனி கள்ளு உண்டா?"

"இல்ல."

"மீனு?"

"அதும் இல்ல."

"கோவம்?"

அங்கேதான் மாட்டினேன்.

"கோவமும் பிடாது சாமி. கெட்ட வார்த்தை நாக்கில வரப்பிடாது. வந்தா விரதம் போச்சு."

டாக்டரே, என் வியாபாரத்தில் முதலீடு பாதி ஏத்தங்குலை, பாதி வசவு. என்னிடம் குலை வாங்கும் நெய்யாற்றின்கரை மொத்த வியாபாரி ஞானசிகாமணி ஒரு விலை சொன்னால், வழக்கமாக அவனுடைய தாத்தாவில் தொடங்குவேன். இப்போதோ, "சாமி, வெலை கொஞ்சம் கொறவு சாமி" என்று கைகூப்பினேன். "கொறவாவே இருக்கட்டும் சாமி" என்று சொல்லிக் குலையை வண்டியில் ஏற்றிவிட்டான்.

மறுநாள் பிரேமகுமாரி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு சந்தைக்கு வந்தாள். "சாமி அப்படி ஓரமா இருக்கட்டு. நான் மாலை போடல்லல்லா."

ஞானசிகாமணி விலை சொன்னான்.

"ஓய், கேட்டது குலைக்க வெலையா, தண்டுக்க வெலையா? மருமவன் துபாயில இருந்து குடுத்துவிட்ட வாட்சு மட்டும் நல்லா மினுங்குதே. அதை அவுத்து வச்சிட்டு வந்து ஏழை மாதிரி பேசும் வேய்."

சந்தையே அவன் மணிக்கட்டைப் பார்த்தது. விலை ஏறிற்று. நான் பத்து வசவில் வாங்கும் விலையை அவள் ஒரு வாட்சில் வாங்கினாள். மண்டலம் முழுக்க அவள்தான் விற்றாள். நான் குலைக்குப் பக்கத்தில் குலையாக இருந்தேன்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினேன். காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை, பசி மட்டும் உண்டு. சந்தைக்குப் போய் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து ஞானசிகாமணியைத் திட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா எப்பொ வருவாவ?" என்றான்.

வீட்டுக்கு வந்தேன். காப்பி அதே தனி டம்ளரில் வந்தது.

"ஏட்டி, விரதம் முடிஞ்சாச்சே."

"விரதம் முடிஞ்சு. பம்பாய் முடியல்லியே."

காப்பி மூக்கில் ஏறிற்று. "எந்தப் பம்பாய்?"

"அன்னைக்கு நானும் முக்கில நின்னேன், ரேஷன்கடை நடையில. டாக்டர் பம்பாய்னு சொன்னதும் எல்லாவனும் தலையைக் குனிஞ்சான். நிங்ங மட்டும் துண்டால வாயைப் பொத்தினீய. காரியம் வாயோட நின்னுட்டுன்னு அப்பவே தெரிஞ்சு."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நிங்ங ஓடின பொறவு கரண்ட் வந்து. முத்தத்தில வராது, ஒரே டம்ளர்ல குடிச்சா வராது, பக்கத்தில கிடந்தா வராது, கொசு கடிச்சாலும் வராதுன்னு டாக்டர் விலாவாரியா சொன்னாரு."

"அதை அன்னைக்கே எனக்கிட்ட சொல்லப்பிடாதா?"

"மாலை போட்ட சாமிகிட்ட முத்தத்தைப் பத்திப் பேசுனா பாவமாக்கும்."

"சரி மக்கா. இனி பாயை உள்ள போடட்டா?"

"எனக்க வாய்ச்சொல்லு போராது. அந்த டாக்டரே வரட்டு. நம்ம முற்றத்தில மைக்கு கெட்டி, சுயம்புக்கு ஒரு நோயும் இல்ல, பம்பாயில கிடைச்சது ஒரே ஒரு முத்தமாக்கும்னு ஊரு கேக்கச் சொல்லட்டு. பொறவு போடுங்க."

ஆகவே டாக்டரே, நான் ஓடியது என் குற்றமில்லை. பயப்படுகிறவன் முதல் பாதியிலேயே ஓடிவிடுவான் என்று தெரிந்து, எப்படி வராது என்பதை நீர் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வந்து ஒழுங்கு செய்துவிட்டுப் போம். மைக் வேண்டாம், டாக்டர் உன் காதில் சொன்னால் போதும் என்று அவளிடம் பேரம் பேசிப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரில் தொடங்கியவள் இப்போது மூன்றில் நிற்கிறாள். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் வந்து சேரும்.