ஹெட்மாஸ்டருக்குக் காற்று வரவில்லை

"காத்து வரல," என்றது தொலைபேசி.

வாய்க்குள் போட்ட சோற்றை விழுங்குவதா, பதில் சொல்வதா என்று தெரியாமல் பாஸ்கல் முழித்தார்.

"சார், நேத்துத்தானே அளந்து காட்டினேன்?"

"அது உன் கருவிக்கு வந்த காத்து. எனக்கு வரல. கிளம்பி வா."

எதிர்முனை பட்டென்று அடங்கியது. பாஸ்கலின் மனைவி கையில் கரண்டியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, உங்க ஹெட்மாஸ்டரா?"

"ம்."

"பேசாம பாயைச் சுருட்டிக்கிட்டு அங்கேயே போயிடுங்க. சாப்பாடு கட்டி அனுப்பறேன்."

பாஸ்கல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. காற்றழுத்தத்தை அளக்கும் அலகுக்குத்தான் அந்தப் பெயர். கட்டடங்களுக்குக் காற்றுக்குழாய் அமைத்துத் தரும் கம்பெனியில், எந்தக் குழாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், போகிற வழியில் சுவரில் உரசி உரசிக் காற்று எவ்வளவு அழுத்தத்தைத் தொலைக்கும் என்று கணக்குப் போடுவது அவர் உத்தியோகம். "என்ன சார், இங்க ரொம்பப் புழுங்குது?" என்று யாராவது சும்மா பேச்சுக்குக் கேட்டால்கூட, அந்த மூலையில் எத்தனை பாஸ்கல் குறைகிறது என்று விளக்க ஆரம்பித்துவிடுவார். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது சம்பளச் சீட்டைத் தவிர எல்லா இடத்திலும் அவர் பாஸ்கல்தான்.

கவளம் பாதியில் நிற்க அவர் எழுந்ததற்குக் காரணம் ஹெட்மாஸ்டர் மேல் உள்ள பயம் மட்டும் அல்ல. கம்பெனிக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை வந்திருந்தது. ஆபரேஷன் தியேட்டர் முதல் துணி துவைக்கும் அறை வரை அத்தனைக்கும் காற்றுக் கணக்கு. பத்து வருஷமாகப் பாஸ்கல் காத்துக்கிடந்த வேலை. தூக்கத்தில்கூட அதன் குழாய்களை வளைத்துக்கொண்டிருந்தார். முதலாளியோ அன்று காலையில்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்:

"ஒரே ஒரு வயசானவருக்குக் காத்து குடுக்க முடியல. நீ ஆஸ்பத்திரிக்கு எப்படிய்யா குடுப்பே? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஹெட்மாஸ்டர்கிட்ட 'திருப்தி'ன்னு கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லேன்னா ஆஸ்பத்திரியை என் மச்சினன் பார்த்துக்குவான்."

முதலாளியின் மச்சினன், மின்விசிறிக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள்.

இந்த வம்பெல்லாம் ஒரு விசிலில் ஆரம்பித்தது.

ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் வீட்டில் குளிர்காற்று இயந்திரம் பின்கட்டில் இருந்தது. அதிலிருந்து வரும் குழாய் சமையலறைக் கூரைக்கு மேலே ஓடி, அங்கே ஒரு சல்லடை வாய் வழியாகக் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு, மிச்சத்தை ஹெட்மாஸ்டரின் மாடி அறைக்கு அனுப்பியது. சமையலறைக்கும் மாடிக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக ஒரு வெறும் தகரக் குழாய். ஒல்லியோ ஒல்லி. அது விசிலடிக்கிறது என்று ஹெட்மாஸ்டரின் வீட்டம்மா கம்பெனிக்குப் போன் செய்தார்.

பாஸ்கல் போய்ப் பார்த்தார். கணக்குப் போட்டார். அந்தத் தகரத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டு பங்கு அகலத்தில், இரண்டு அழகான வளைவுகளோடு, உள்ளே கனமாகப் பஞ்சு பதித்த புதுக் குழாய் ஒன்றை மாட்டினார். விசில் நின்றது. வீட்டம்மாவும் மருமகளும் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

மறுநாள் காலையில் ஹெட்மாஸ்டரின் முதல் போன் வந்தது. காத்து வரல.

அன்று பாஸ்கல் ஓடிப்போய்க் கருவியைக் காற்று வாயருகே பிடித்தார். கருவியின் குட்டி இறக்கை கிறுகிறுவென்று சுற்றியது.

"பாருங்க சார், வர வேண்டியதை விடக் கூடுதலாவே வருது."

காற்று வாய்க்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர் அசையவில்லை.

"வழிமுறை சரி. விடை தப்பு. பழைய குழாயை ஏன் கழட்டினே?"

"அது ஒல்லி சார். ஒல்லிக் குழாயில நிறையக் காத்தைத் திணிச்சா வேகமாப் போகும். வேகம் ரெண்டு மடங்கானா உரசல் நாலு மடங்கு..."

"நாலு மடங்குன்னு சொல்லாதே. வேகத்தோட வர்க்கம்னு சொல்லு."

"வர்க்கம் சார்."

"ம். இப்போ மெஷினை நிறுத்திட்டுப் பாரு, காத்து வருதான்னு."

"மெஷினை நிறுத்தினா எப்படி சார் வரும்?"

"பழைய குழாயில வந்துச்சே!"

வயசாகிவிட்டது, பாவம் என்று பாஸ்கல் நினைத்துக்கொண்டார். குழாய்க்குள் இருந்த தடுப்புத் தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு வந்தார். மாடிக்குக் காற்று கூடியது. சமையலறையில் நின்றுபோனது. மருமகள் முந்தானையால் விசிறிக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள். ஆனால் குறை சொன்னது அவள் அல்ல, மாடிதான். "நேத்தைவிட மோசம். இருபது மார்க்."

அடுத்த தடவை பாஸ்கல் இயந்திரத்தின் வேகத்தையே கூட்டினார். சமையலறையும் குளிர்ந்தது, மாடியும் குளிர்ந்தது. குளிர்ந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஹெட்மாஸ்டர் அறையில் காலண்டர் தானாகவே அடுத்த மாதத்துக்குப் போனது. படுக்கை விரிப்பு எழுந்து நின்றது. தலையில் துண்டைக் கட்டி, மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்தச் சூறாவளிக்கு நடுவே உட்கார்ந்தபடி ஹெட்மாஸ்டர் கத்தினார்:

"காத்து எங்கேப்பா?"

கூட வந்திருந்த ஃபிட்டர், தகரம் வெட்டித் தகரம் வெட்டிக் காது மந்தமானவர், அவருக்கே அது நன்றாகக் கேட்டது. படியிறங்கும்போது பாஸ்கலின் காதோரம் வந்தார்.

"சார், இவருக்குக் காத்துப் பிரச்சனை இல்ல. பேச்சுத்துணை இல்லாத பிரச்சனை. ஸ்கூல் முழுக்க மிரட்டிக்கிட்டு இருந்தவர், இப்போ மிரட்ட ஆள் இல்ல. நீங்க மாட்டிக்கிட்டீங்க."

"சும்மா இருய்யா. எனக்குக் கையெழுத்து வேணும்."

கீழே வீட்டம்மா டீயோடு காத்திருந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. இந்தப் புதுக் குழாய் போட்டதிலிருந்து வீடே வீடா இருக்கு. நானும் மருமகளும் மனசு விட்டுச் சிரிச்சு எத்தனை நாளாச்சு! அவர் என்ன சொன்னாலும் இதை மட்டும் மாத்திடாதீங்க."

"ஆமாண்ணே," என்றாள் மருமகள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தன் கணக்கைப் புரிந்துகொள்ள இந்த வீட்டில் இரண்டு பேராவது இருக்கிறார்களே என்று பாஸ்கலின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"சாருக்கு மட்டும் ஏம்மா பிடிக்க மாட்டேங்குது?"

"அவர் சுபாவம் அப்படி. ஸ்கூல்ல வராந்தாவுல நடந்துகிட்டே, எந்த கிளாஸ்ல எந்தப் பையன் என்ன பேசினான்னு சொல்லிடுவாராம். அப்படிப்பட்ட மனுஷனை வீட்டுல உக்கார வச்சா வேற என்ன பண்ணுவார்? இன்னொரு டம்ளர் டீ குடிங்க."

இப்படியாக, சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் பாஸ்கல் ஓடி வந்த இந்தத் தடவை மூன்றாவது படையெடுப்பு. ஃபிட்டரும் பை நிறைய ஆயுதங்களோடு வந்து சேர்ந்தார்.

பாஸ்கல் சூறாவளியை அடக்க இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். காற்று ரொம்பவும் இளைத்துவிடக் கூடாதே என்று, குழாயின் உள்ளே பதித்த பஞ்சைப் பாதிக்குமேல் உரித்து எடுக்கச் சொன்னார். பஞ்சின் சொரசொரப்பும் காற்றை உரசித் தின்னும் அல்லவா. உரித்த பஞ்செல்லாம் ஃபிட்டரின் தலையிலும் மீசையிலும் அடைக்கலம் புகுந்தது. அவர் தும்மிய தும்மலில் கீழே மருமகள் பாத்திரத்தை நழுவவிட்டாள்.

ஹெட்மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். சாய்ந்திருந்த கழுத்து இன்னும் சாய்ந்தது.

"ம்ம்... இப்போ கொஞ்சம் தேவலை. முப்பத்தஞ்சு மார்க். பாஸ்."

பாஸ்கல் கருவியைப் பிடித்துப் பார்த்தார். நேற்று வந்ததில் பாதிதான் வந்தது. குழம்பிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், காத்து கூடக் கூட மார்க் குறையுது. குறையக் குறைய மார்க் கூடுது. எந்தப் புத்தகத்துலயும் இப்படி ஒரு கணக்கு இல்ல."

ஃபிட்டர் மீசைப் பஞ்சை ஊதினார்.

"அப்போ சுலபம் சார். பழைய தகரத்தையே மாட்டிட்டா நூத்துக்கு நூறு."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். பாஸ்கல் கிண்டலைப் புரிந்துகொள்ளும் நிலையைத் தாண்டியிருந்தார். படித்த படிப்பும் போட்ட கணக்கும் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி மறு பக்கம். கண்ணை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் சாய்ந்தார்.

"பழைய தகரம் எங்கே? எடைக்குப் போட்டுட்டியா?"

"எங்கே விட்டாரு? அன்னைக்கே புடுங்கிக்கிட்டாரு."

ஹெட்மாஸ்டரிடம் கேட்டதுதான் தாமதம், அந்த மனுஷன் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒல்லிக் குழாயை இழுத்து வெளியே போட்டார். அது தூசு தட்டி, துணியால் துடைத்து, பளபளவென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பழைய குழாய் பழைய இடத்தில் ஏறியது. அதை மாட்டும்போது பாஸ்கல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இயந்திரத்தைப் போட்டதும் உய்ய்ய் என்று விசிலடித்தது. கொஞ்ச நேரத்தில், "நிறுத்திட்டுப் பார்க்கறேன்" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. விசில் அடங்கியது. "ஆஹா, ஓஹோ!" என்றது அதே குரல்.

சோதனை முடியட்டும் என்று பாஸ்கல் சமையலறையில் போய் உட்கார்ந்தார். அங்கே காலம் மாறிவிட்டிருந்தது. வீட்டம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மருமகள் ஒரு வார்த்தை பேசாமல் டீ டம்ளரை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள். தன் அருமையான குழாய் போனதில் இவர்களுக்கு எவ்வளவு துக்கம் என்று பாஸ்கல் உருகிப்போனார். ஆறுதல் சொல்ல வேண்டியது தன் கடமை என்று தோன்றியது.

"கவலைப்படாதீங்கம்மா. நான் என்ன செய்ய? கணக்குத் தெரிஞ்சவருக்குக் கணக்கைச் சொல்லலாம். இவருக்கு என்ன சொல்றது?"

வீட்டம்மா கரண்டியை அவசரமாக ஆட்டினார். பாஸ்கல் டம்ளரை நீட்டினார்.

"அரை டம்ளர் போதும்மா. நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, சாருக்குத் தலையில ஒரு மரை கழண்டிருக்கு. சூறாவளி அடிக்கும்போது காத்து எங்கேன்னு கேக்கறார். இப்போ ஈ பறக்கிற காத்துகூட இல்ல, ஆஹா ஓஹோங்கறார். இவர்கிட்ட படிச்ச பசங்க எப்படி உருப்பட்டாங்க?"

கரண்டி இன்னும் வேகமாக ஆடியது. வீட்டம்மாவின் கண்கள் கூரையைப் பார்த்தன, பாஸ்கலைப் பார்த்தன, மறுபடி கூரையைப் பார்த்தன. பாவம், கடவுளைக் கூப்பிடுகிறார் என்று பாஸ்கல் நினைத்தார்.

"பொறுமைக்கு உங்களுக்குத்தாம்மா மெடல் குடுக்கணும்," என்று டீயை முடித்தார்.

மாடியிலிருந்து அழைப்பு வந்தது. கையெழுத்து வாங்க வேண்டிய தாளை எடுத்துக்கொண்டு படியேறினார். ஹெட்மாஸ்டர் அதே நாற்காலியில், அதே கழுத்துச் சாய்ப்பில் இருந்தார். ஆனால் முகம் பௌர்ணமியாக இருந்தது. தாளை வாங்கி, 'முழுத் திருப்தி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

பாஸ்கலின் கண்ணுக்கு முன்னால் ஆஸ்பத்திரி எழும்பியது.

"காத்துக்கு நூத்துக்கு நூறு," என்றார் ஹெட்மாஸ்டர். "ஆனா நடத்தைக்குப் பத்து மார்க் குறைக்கிறேன். பேச்சு அதிகம்."

"நானா சார்? ஒரு வார்த்தைகூடப் பேசலையே!"

"போப்பா, போ. உருப்படு."

பாஸ்கல் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு இறங்கினார். ஆஸ்பத்திரி கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பத்து மார்க் காலில் குத்திய முள் மாதிரி உறுத்தியது. நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, வாயைத் திறந்தார்.

"ஏம்மா, நான் மேல போய் வாயே திறக்கல. பேச்சு அதிகம்ங்கறாரே, அந்த மனு..."

கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வந்த மருமகள் அவர் சட்டைக் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசல் கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய், வீட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, கிசுகிசுத்தாள்:

"விசிலெல்லாம் ஒரு சாக்குண்ணே! சமையக்கட்டுல யார் என்ன பேசினாலும் அந்தப் பழைய குழாய் வழியா மாமா காதுல விழுதேன்னுதான் அத்தையும் நானும் உங்களை வரவழைச்சோம்!"