தலையாட்டுவதை நிறுத்தியது குறித்து மாப்பிள்ளைக்கு

சரஸ்வதிபுரம், மைசூரு

சிரஞ்சீவி மாப்பிள்ளை வரத் அவர்களுக்கு, மாமனார் நரசிம்மமூர்த்தி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமியார் செலுவம்பாவும் நலம். அங்கு உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதுதான் முறை. கேட்டால் அதுவும் மருத்துவம் ஆகிவிடும் என்று என் பெண் பல்லவி சொல்லக்கூடும் என்பதால் கேட்கவில்லை. வாட்ஸாப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவீர்கள். ஆகவே கடிதம்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, காலைக் காப்பிக்குப் பிறகு, நீண்ட யோசனைக்கும் செலுவம்பாவுடன் நடந்த கலந்தாலோசனைக்கும் பின்னர், இனித் தலையாட்டுவதில்லை என்று தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் இதற்குச் சமமான முடிவு என்று நினைத்துப் பார்த்தால், மருத்துவம் படிக்கப் போனது ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கும்போது நான் தரையில் உட்கார்ந்தேன். பல்லவி அதை மயக்கம் என்கிறாள். நான் உட்கார்ந்தேன் என்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு. அதன்பின் நீங்கள் இருவரும் நிபந்தனை விதித்தீர்கள். இனி மருந்துச் சீட்டு எழுதக் கூடாது, யாருடைய நாடியையும் தொடக் கூடாது, வாயைத் திறந்து வைத்தியம் பேசக் கூடாது. மீறினால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூரில் உங்கள் பதினாலாவது மாடிக்கு வந்துவிட வேண்டும். நானும் ஒப்புக்கொண்டு, மண்டி மொஹல்லாவில் இருந்த கிளினிக்கைக் காலி செய்தேன். அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கூட்டம் என் காலத்தைவிட அதிகம்.

ஆனால் தலையைப் பற்றி நிபந்தனையில் ஒன்றும் இல்லை. அதைப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதுதான் பல்லவியின் குற்றச்சாட்டு. விளக்கிவிடுகிறேன். இந்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் எழுதித் தரும் மாத்திரையை வாங்கியவுடன் யாரும் முழுங்கிவிடுவதில்லை. நேரே என்னிடம் வருவார்கள். சீட்டை மேஜைமேல் வைப்பார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள், என் தலையைப் பார்ப்பார்கள். அது இடமும் வலமுமாகச் சற்றே சாய்ந்தால் வீட்டுக்குப் போய் முழுங்குவார்கள். என் வைத்தியத்தில் பாதி இந்த ஆட்டம்தான். இதற்குக் கல்லூரியில் பாடம் கிடையாது. கிளினிக்கை மூடிய பிறகும் பால் பூத்திலும் வங்கியிலும் இது தொடர்ந்தது. போன தடவை வந்தபோது பல்லவி பார்த்துவிட்டாள். ஆகவே மனப்பூர்வமாக நிறுத்தினேன்.

முதல் நாளே அக்ரஹாரத்தில் பூ விற்கும் ரங்கம்மா கூப்பிட்டாள். தமிழ் பேசும் கௌதள்ளிக் கிராமத்துக்காரி. ரத்த அழுத்தத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பசவராஜ் எழுதிய சீட்டைப் பூக்கூடைமேல் விரித்து, "பாருங்க சாமி" என்றாள். நான் மல்லிகையைப் பார்த்தேன். தலையை நேராக வைத்துக்கொண்டேன். அவள் என் தலையைப் பார்த்துவிட்டு, "சரிங்க சாமி, புரிஞ்சுதுங்க" என்று சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எவ்வளவு புரிந்துகொள்ளும் ஜனங்கள் என்று நெகிழ்ந்துபோனேன். மறுநாள் சலூனில் எனக்குப் பாதி முடி வெட்டிய நிலையில் ஒருவர் ஈ.சி.ஜி.யை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் அசையவில்லை. "டாக்டரே, இந்த மாதிரி ஆடாத தலை கெடச்சா நாங்க எப்பவோ முன்னுக்கு வந்திருப்போம்" என்றார் சலூன்காரர். அந்த வாரம் முழுவதும் இப்படியே போனது. எல்லோரும் "புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அமைதியாகப் போனார்கள்.

இடையில் ஒரு சறுக்கல், அதையும் மறைக்கவில்லை. ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். வித்வான் கல்யாணி ராகம் பாடினார், தலை ஆடிவிட்டது. பக்கத்து நாற்காலியில் முதுகு ஸ்கேனோடு உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் நஞ்சுண்டசாமி அதை ஆபரேஷனுக்குச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, அடுத்த வாரமே போய்ப் படுத்துவிட்டார். இப்போது நன்றாக நடக்கிறார். பாட்டும் நன்றாகத்தான் இருந்தது.

"இந்தத் தலையை நம்பப்படாது" என்று செலுவம்பா முடிவுகட்டி, கழுத்து வலிக்காரர்கள் போடும் பட்டை ஒன்றை வாங்கி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதோடு பால் பூத் வரை போய் வந்தேன், அவ்வளவுதான். டாக்டருக்கு விபத்து என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வர ஆரம்பித்தார்கள், கூடத்தில் இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள், எல்லார் கையிலும் ஆப்பிளோடு ஒரு ஃபைல், கேட்டால் "வந்ததே வந்தோம், இதையும் அப்படியே காட்டிடலாம்னு" என்கிறார்கள், நான் பட்டைக்குள் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், ஒருவர் ஃபைலை மூடிக்கொண்டே மனைவியிடம், "பாத்தியா? கழுத்து ஒடஞ்ச நெலமையிலகூட மனுஷன் வேண்டாம்ங்கறாரு" என்கிறார், அந்த அம்மாள் என்னைக் கும்பிடுகிறாள், செலுவம்பா எல்லோருக்கும் காப்பி கலந்தே ஓய்ந்துபோனாள்.

அப்போதுதான் டாக்டர் பசவராஜ் தொலைபேசியில் வந்தார். கன்னடத்தில் மரியாதையாக ஆரம்பித்தார், கோபம் வந்ததும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார். அவருடைய நோயாளிகள் வரிசையாக மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். ஏன் என்று கேட்டால் எல்லோரும் என் பெயரைச் சொல்கிறார்களாம். ரங்கம்மா கடையிலேயே தலைசுற்றி விழுந்து அவருடைய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். நான் ஒருவரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றேன். "அதுதான் சார் பிரச்சினை" என்றார்.

ஓடினேன். ரங்கம்மா கட்டிலில் உட்கார்ந்து நர்ஸுக்குப் பூ கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா மாத்திரையை நிறுத்தினே?"

"நீங்க ஆட்டலீங்களே சாமி."

"வாயைத் திறந்து கேட்கக் கூடாதா?"

"கேட்டா சங்கடப்படுவீங்க. பெரிய டாக்டரு நல்லவருதான், குத்தஞ்சொல்லல. ஆனா அவரு கம்ப்யூட்டரப் பாத்து எழுதுனாரு. நீங்க எம்மூஞ்சியப் பாப்பீங்க. இந்தவாட்டி நீங்க பூவப் பாத்தீங்க."

அங்கேயே பட்டையைக் கழற்றிவிட்டுத் தலையாட்டினேன். அவள் உடனே தண்ணீர் கேட்டாள்.

மற்றவர்களை என்ன செய்வது? ஆட்டோ ஓட்டும் சித்தையன், அவனும் ரங்கம்மாவின் கௌதள்ளிப் பக்கத்துக்காரன்தான், ஒரு வழி சொன்னான். "ஏனுங் டாக்டரே, நீங்க எறங்கவே வேண்டாம். நான் ஆரன் அடிக்கறேன், அவுங்க மாத்திரையோட வெளிய வரட்டும். நீங்க ஆட்டுங்க, நாம போயிட்டே இருக்கலாம்." இரண்டு நாள் அப்படியே சுற்றினோம். வாசல்வாசலாக வண்டி நின்றது. சீட்டைக் காட்டினார்கள், நான் ஆட்டினேன். மண்டி மொஹல்லாவில் பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரர்கள்கூட ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்கள், அவர்களில் இருவர் தங்கள் சீட்டுகளையும் நீட்டினார்கள். ஒரு வீட்டில் கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டார்கள். துணைக்கு வந்திருந்த செலுவம்பா, "போறும், ஆத்துக்குப் போகலாம். அடுத்த வாசல்ல தலையில சடாரி சாதிக்கச் சொல்லுவா" என்றாள்.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை, யாரையும் தொடவில்லை, ஒரு சீட்டும் எழுதவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இரண்டு கேள்வி கேட்டேன், அவை வைத்தியத்தில் சேராது. ரங்கம்மா கடைக்குத் திரும்பிவிட்டாள். பசவராஜ் கன்னடத்துக்குத் திரும்பிவிட்டார்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை. உங்கள் பதினாலாவது மாடியில் குறை ஒன்றும் இல்லை. காற்று வருகிறது, தண்ணீர் வருகிறது, பல்லவி இருக்கிறாள். போன தடவை அங்கே லிஃப்டில் ஒருவர் கீழே போகும்வரை இருமிக்கொண்டே வந்தார். நல்ல இருமல் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் போனைப் பார்த்தார். கதவு திறந்ததும் போய்விட்டார். அந்த இருமல் என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. இங்கே எனக்குத் தெரியாமல் ஒருவரும் இருமுவதில்லை. அங்கே வந்தால் நான் ஓய்வாக இருப்பேன், நீங்கள் சொல்வது சரி. அந்த ஓய்வைத்தான் எனக்குத் தாங்கத் தெரியவில்லை.

ஆகவே நான் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு முழு ஓய்வில் இருக்கிறேன் என்பதற்கு மேலே எழுதியதையே சான்றாக எடுத்துக்கொண்டு, எங்களை மைசூரிலேயே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பல்லவிக்கு எங்கள் ஆசிகள். குழந்தை ஸாத்விக் தலையணைக்கடியில் போனை வைத்துத் தூங்காமல் பார்த்துக்கொள்ளவும். இது வைத்தியம் அல்ல, அன்பு. எங்கள் பெருமாள் செலுவபிள்ளை எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நரசிம்மமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் தாயார் வீடியோவில் கூப்பிட்டார். கண்புரை ஆபரேஷனுக்கு நீங்கள் வெள்ளிக்கிழமைக்கு நாள் வாங்கியிருக்கும் சீட்டைத் திரைக்கு அருகில் காட்டினார். உங்கள் நிபந்தனையை நினைத்து நான் தலையை அசைக்கவில்லை. தவறு புரிந்து ஆட்டுவதற்குள் படம் உறைந்துபோயிற்று. இப்போது பல்லவி பேசினாள். வெள்ளிக்கிழமை நாளை உங்கள் தாயார் ரத்து செய்துவிட்டாராம். என் தலையை நேரில் பார்க்கச் சனிக்கிழமை காலை ரயிலில் அவரும் பல்லவியும் மைசூருக்கு வருகிறார்கள்.